டோனி ஐயோமி: பிளாக் சபாத்தில் கடைசி வரை நின்ற ஒரே ஆள் – பேசலாம் வாங்க

ஆறாம்கம்பி:
பிளாக் சபாத் என்ற பர்மிங்காம் ஹெவி மெட்டல் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்போர்ன் காலமானதிலிருந்து எங்கே பார்த்தாலும் அவரைப் பற்றித்தான் பேச்சு. பேச வேண்டிய ஆள்தான். ஆனால் எனக்கு மனசு முழுக்க அதே குழுவின் கிடார் கலைஞர் டோனி ஐயோமியிடம்தான் இருக்கிறது. 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமின் வில்லா பார்க் மைதானத்தில் ஓஸி, ஐயோமி, பாஸ் கிடார் வாசிக்கும் கீசர் பட்லர், டிரம்மர் பில் வார்டு என்று பழைய நால்வரும் சேர்ந்து வாசித்தார்கள். 22ஆம் தேதி ஓஸி இல்லை. நானும் கீசரும் பில்லும் எங்கள் சகோதரனை இழந்துவிட்டோம் என்று ஐயோமி எழுதியிருந்தார்.

இந்த மனிதரைப் பற்றித் தனியாக ஓர் இழை வேண்டும் என்று தோன்றியது. 1969-ல் பிளாக் சபாத் என்று பெயர் வைத்ததிலிருந்து 2017 பிப்ரவரி 4 அன்று பர்மிங்காமில் கடைசிச் சுற்றுப்பயணத்தை முடித்தது வரைக்கும் அந்தக் குழுவை விட்டு விலகாத ஒரே ஆள் அவர்தான். பாடகர்கள் மாறினார்கள், டிரம்மர்கள் மாறினார்கள், கீசர் பட்லரே போவதும் வருவதுமாக இருந்தார். இவர் மட்டும் நின்றார். அதற்காக வாங்கிக் கட்டிக்கொண்டதும் இவர்தான். ஓஸியை வெளியேற்றியவர், பெயரைத் தனக்கென்று வைத்துக்கொண்டவர், பில் வார்டைக் கைவிட்டவர் என்று எத்தனை பழி! புகழ் முன்னால் நின்று பாடியவருக்குப் போனது, பழி குழுவை நடத்தியவருக்கு வந்தது. என் கருத்து இதுதான். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

விரல் கதை எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

பிரஸ்ஷாப்:
தோழர், அதை மட்டும் விட்டுவிட வேண்டாம். நான் அம்பத்தூரில் ஷீட் மெட்டல் வேலையில் இருப்பவன். எனக்கு அவர் கிடார் கலைஞராகத் தெரிந்ததற்கு முன்னால் ஷீட் மெட்டல் கம்பெனியில் கை போன பையனாகத்தான் தெரியும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அப்போது அவருக்கு 17 வயது. வெல்டிங் வேலை. இசைக்குழுவோடு ஐரோப்பா போக வாய்ப்பு வந்துவிட்டது, அதனால் வேலையை விடப் போகிறார். கடைசி நாள். மதியம் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர் "இனிமேல் போகவில்லை" என்றிருக்கிறார். ஒத்துக்கொண்ட வேலையை முடித்துவிட்டு வா என்று அம்மா திருப்பி அனுப்பினார். அன்றைக்கு வெட்டும் மெஷினில் நிற்க வேண்டிய ஆள் வரவில்லை. இவரை அதில் நிறுத்தினார்கள், பழக்கமில்லாத மெஷின். வலது கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிட்டது. பதறிப்போய்க் கையை வெளியே இழுத்தார். நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போயின.

இந்த "இழுத்தார்" என்பதை நாங்கள் நன்றாகவே புரிந்துகொள்வோம். பிளேடு இறங்கினால் உடம்பு யோசிக்காது, இழுத்துவிடும். பாதிச் சேதம் அந்த இழுப்பில்தான் ஆகிறது. இப்போதெல்லாம் இரண்டு கையாலும் பட்டனை அமுக்கினால்தான் மெஷின் இறங்கும், கை உள்ளே போனால் சென்சார் நிறுத்திவிடும். அப்படியும் கண்டபடி சென்சாரைக் கழற்றிவிட்டு வேலை வாங்கும் இடங்கள் இருக்கின்றன. 1965-ல் அவருக்கு ஒன்றுமே இருந்திருக்காது. பழக்கமில்லாத பையனை வேறு ஆளுக்குப் பதிலாக மெஷினில் நிறுத்துவது இன்றைக்கும் நடக்கிறது. அதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

ஆறாம்கம்பி:
நன்றி தோழர். நீங்கள் எழுதியதால் அடுத்ததை நான் சொல்லியே ஆக வேண்டும்.

அவர் இடது கைக்காரர். அதாவது அந்த வலது கைதான் கம்பியை அழுத்தும் கை. இனி வாசிக்க முடியாது என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க அந்தத் தொழிற்சாலையின் ஃபோர்மேன் ஓர் இசைத்தட்டோடு வந்தார். ஜாங்கோ ரைன்ஹார்ட் வாசித்தது. கேட்க வைத்துவிட்டு, இந்த ஆள் தீ விபத்தில் இரண்டு விரல் முடங்கிய பிறகு வாசித்தது இது என்று சொல்லியிருக்கிறார். ஐயோமி இந்த ஃபோர்மேனைப் பேட்டிகளில் திரும்பத் திரும்ப நினைவுகூர்கிறார். எனக்கு அது பிடிக்கும்.

அப்புறம் அவரே விரல் உறை செய்துகொண்டார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சால்டரிங் அயர்னால் விரல் நுழையும் அளவுக்குக் குழி செய்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வடிவத்துக்குக் கொண்டு வந்தார். வெறும் பிளாஸ்டிக் கம்பியில் வழுக்கும். அதனால் பழைய தோல் ஜாக்கெட்டை வெட்டி மேலே ஒட்டினார். அந்தத் தோலையும் தேய்த்துத் தேய்த்துப் பதப்படுத்த வேண்டியிருந்தது. ரொம்ப மெத்தென்று இருந்தால் கம்பி அமுங்காது, ரொம்பக் கெட்டியாக இருந்தால் பிடிக்காது.

உறை போட்ட விரலுக்குக் கம்பி தெரியாது. எவ்வளவு அழுத்துகிறோம், ஃப்ரெட்டில் (கிடார் கழுத்தில் உள்ள உலோகக் கட்டைகளில்) எங்கே இருக்கிறோம், கம்பி வளைந்து சுருதி ஏறுகிறதா என்று நமக்கு விரல் சொல்லும். அவருக்குக் காது மட்டும்தான் சொல்லும். கடினமான கம்பி முடியாது என்பதால் மெல்லிசான செட் தயாரித்துத் தாருங்கள் என்று கம்பி செய்யும் நிறுவனங்களைக் கேட்டார். யார் வாங்குவார்கள் என்று மறுத்துவிட்டார்கள். பாஞ்ஜோ கம்பியை வாங்கி கிடாரில் மாட்டினார். 1971-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் ஒன்றரை ஸ்வரம் கீழே இறக்கி டியூன் செய்தார், கம்பி இன்னும் தளர்ந்தது. கூடவே அந்த அடிவயிற்றுச் சத்தமும் வந்தது. பின்னால் வந்த மெட்டல் குழுக்களில் பாதிப் பேர் கீழே இறக்கித்தான் வாசிக்கிறார்கள்.

டியோபக்தன்:
எல்லாம் சரி ஆறாம்கம்பி அண்ணா, ஆனால் பழியைப் பற்றியும் நீங்களே சொன்னீர்களே. ஓஸியை வெளியேற்றிய 1979-ஐப் பேசாமல் போனால் எப்படி?

நான் ஓஸிக்குப் பிறகு பாட வந்த ரோனி ஜேம்ஸ் டியோவின் ஆள். டியோ வந்திருக்காவிட்டால் குழு அங்கேயே முடிந்திருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஓஸியை அனுப்பிய விதம் சரியா? லாஸ் ஏஞ்சலிஸில் வீடெடுத்துத் தங்கி மாதக்கணக்கில் ஆல்பம் எழுதப் பார்த்தார்கள். குடியும் போதையும் நால்வருக்கும் பொது. ஒருவரை மட்டும் "நீ சரியில்லை" என்று அனுப்பினால் அவருக்கு எப்படி இருக்கும்? ஓஸி கடைசி வரைக்கும் கேட்டது அதைத்தான். எல்லோரும் ஒரே நிலையில்தானே இருந்தோம் என்றார்.

அதைவிட மோசம், செய்தியைச் சொல்ல ஐயோமி போகவில்லை. ஓஸிக்கு மிக நெருக்கமான பில் வார்டை அனுப்பினார்கள்.

மிருதங்கம்:
பில் வார்டை அனுப்பியதைத்தான் என்னாலும் மன்னிக்க முடியவில்லை. அடுத்த வருஷமே பில்லும் சுற்றுப்பயணத்தின் நடுவில் விலகிவிட்டார். ஓஸி இல்லாத மேடையில் உட்கார அவருக்கு மனம் ஒப்பவில்லை.

ஆனால் நான் பேச வந்தது வாசிப்பைப் பற்றி. ஐயோமியின் கிடார் கனம் என்கிறோம். அந்தக் கனத்தில் பாதி பில் வார்டுடையது. அவர் ஜீன் க்ருபா மாதிரியான ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர். ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிடார் வரி) நேராகப் போகும்போது இவர் அதன் மேல் ஊஞ்சலாடுவார். கச்சேரியில் பாடகர் நிரவல் செய்யும்போது நல்ல பக்கவாத்தியக்காரர் எப்படிக் கூடவே போய், எங்கே விட வேண்டுமோ அங்கே விட்டு வாசிப்பாரோ, அப்படி. முதல் ஆல்பத்தை 1969 அக்டோபரில் லண்டனில் ஒரே நாளில் பதிவு செய்தார்கள். நாலு பேரும் ஒன்றாக நின்று மேடையில் வாசிப்பது போலவே வாசித்துவிட்டுக் கிளம்பினார்கள். ஒருவர் மூச்சு இன்னொருவருக்குத் தெரிந்தால்தான் அது முடியும்.

அதனால்தான் 2012-ல் நடந்தது எனக்கு வலித்தது. நால்வரும் மறுபடி சேர்கிறார்கள் என்று 2011 நவம்பரில் அறிவித்தார்கள். சில மாதங்களில் பில், கையெழுத்துப் போட முடியாத ஒப்பந்தத்தைத் தருகிறார்கள் என்று வெளியே நின்றுவிட்டார். 2013-ல் வந்த ஆல்பத்தில் வேறொருவர் வாசித்தார். குறை சொல்ல முடியாத வாசிப்பு. ஆனால் அந்த ஊஞ்சல் இல்லை.

ஆறாம்கம்பி:
இரண்டு பேரும் கேட்டது நியாயமான கேள்விதான். என்னால் முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

1979-ல் குழு தொடர்ந்திருக்குமா என்பதுதான் ஐயோமியின் முன்னால் இருந்த கேள்வி. ரெக்கார்ட் கம்பெனிக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டிய வேலை அவருடையதாக இருந்தது. ஆல்பம் எப்படிப் போகிறது என்று கேட்பார்கள், நன்றாகப் போகிறது என்பார். கையில் ஒன்றுமே இருக்காது. 2011-ல் வந்த சுயசரிதையில் அவரே இதைச் சொல்கிறார். தானும் போதையில் இருந்ததை அவர் மறைக்கவில்லை. மற்ற மூவரையும் விட ஒழுங்காக இருந்தேன் என்றும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் காலையில் எழுந்து ஸ்டுடியோவுக்குப் போக வேண்டியிருந்தது, அது நானாக இருந்தது என்ற தொனிதான்.

இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1968 கடைசியில் சில வாரங்கள் அவர் ஜெத்ரோ டல் குழுவில் போய்ச் சேர்ந்தார். அங்கே பார்த்தது ஒழுங்கு. நேரத்துக்கு வருவார்கள், ஒத்திகை பார்ப்பார்கள், வேலை நடக்கும். ஆனால் அங்கே நட்பு இல்லை, குழுத் தலைவர் ஒரு மேசை, மற்றவர்கள் இன்னொரு மேசை. அவருக்கு ஒட்டவில்லை. திரும்பி வந்து தன் நண்பர்களைக் காலை 9 மணிக்கு ஒத்திகைக்கு எழுப்ப ஆரம்பித்தார். அன்றிலிருந்து எழுப்புகிற ஆள் அவர்தான். எழுப்புகிற ஆளை யாருக்குப் பிடிக்கும்?

பில் விஷயத்தில் எனக்கு உங்களோடு முரண்பாடு இல்லை, மிருதங்கம். ஒப்பந்தத்தில் என்ன இருந்தது என்பது அவர்களுக்குள் இருக்கும் விஷயம். ஆனால் பில்லை விட்டுவிட்டுப் போயிருக்கக் கூடாது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது.

ஒன்றை மட்டும் கணக்கில் எடுங்கள். 2012 ஜனவரியில் ஐயோமிக்கு லிம்ஃபோமா புற்றுநோய் என்று அறிவிப்பு வந்தது. அவருக்குச் சிகிச்சை நடப்பதற்கு ஏற்றாற்போல் மற்றவர்கள் இங்கிலாந்துக்கு வந்து வேலை பார்த்தார்கள். அப்புறம் சுற்றுப்பயணத்தையே அவர் சிகிச்சைக்கு வீடு திரும்பும் தேதிகளைச் சுற்றித்தான் போட்டார்கள். அந்த நிலையில் வாசித்ததுதான் அந்த 2013 ஆல்பம். பிரிட்டனில் முதலிடத்துக்குப் போனது, 1970-க்குப் பிறகு முதல் தடவை. அமெரிக்காவில் அவர்கள் முதலிடம் தொட்டதே அப்போதுதான்.

பர்மிங்காம்வாசி:
வணக்கம் அண்ணைமார். நான் யாழ்ப்பாணம், இப்ப கனகாலமாக பர்மிங்காமில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஆஸ்டன் என்ற இடத்தை நீங்கள் பார்த்தால்தான் இந்த நாலு பேரின் கதை விளங்கும். நெருக்கமாக ஒட்டிக்கொண்டு நிற்கிற செங்கல் வீடுகள். நாலு பேருமே அந்தப் பக்கத்துப் பெடியன்கள். வில்லா பார்க் மைதானம் அதே ஆஸ்டனில்தான். ஓஸி சின்னப் பெடியனாக இருக்கேக்க, மேட்ச் பார்க்க வாறவர்களின் கார்களைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக் காசு வாங்கினது அந்த மைதானத்தைச் சுற்றின தெருக்களில்தான். கடைசி நிகழ்ச்சியை லண்டனிலோ லாஸ் வேகாசிலோ வைக்காமல் அங்கை வைத்ததற்கு அதுதான் காரணம். வந்த காசும் பார்க்கின்சன் ஆராய்ச்சிக்கும் இஞ்சத்தைய பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்கும் ஹொஸ்பிஸுக்கும் என்று அறிவித்தார்கள்.

ஐயோமியும் ஓஸியும் ஒரே பள்ளிக்கூடம். ஐயோமி ஒரு வகுப்பு மேலே. ஓஸிக்கு அவரைக் கண்டால் பயமாம், அப்படி வெருட்டுவாராம். பிறகு 1968-ல் பாடகர் தேடின ஐயோமியும் பில்லும், பாடகர் ஒருவர் குழு தேடுகிறார் என்ற விளம்பரத்தைப் பார்த்து வீட்டுக் கதவைத் தட்ட, திறந்தது ஓஸி! இவனைத் தெரியும், இவன் பாட மாட்டான் என்று ஐயோமி திரும்பி நடந்துவிட்டார். சில நாளில் ஓஸியும் கீசரும் டிரம்மர் தேடிக்கொண்டு இவர்களிடமே வந்தார்கள். அப்படித்தான் நாலு பேரும் சேர்ந்தார்கள்.

புரோட் ஸ்ட்ரீட்டில் கால்வாய்க்கு மேலே ஒரு பாலம், 2019-ல் அதற்கு பிளாக் சபாத் பாலம் என்று பெயர் வைத்தார்கள். அதில் நாலு பேரின் முகமும் வைத்த இரும்பு வாங்கு (பெஞ்ச்) ஒன்று இருக்கு. ஓஸி போன பிறகு அந்த வாங்கே தெரியாத அளவுக்குப் பூ. பக்கத்தில் ஒரு வயதான வெள்ளைக்காரர் வேலை உடுப்போடு நின்று, டோனியும் நானும் ஒரே மாதிரி இடத்தில்தான் வேலை செய்தனாங்கள் என்று எனக்குச் சொன்னார். இஞ்சை ஓஸியைப் பெயர் சொல்லித்தான் கதைப்பார்கள், டோனியையும் அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி.

டியோபக்தன் தம்பி, 1979-ஐப் பற்றிச் சொன்னீர்கள். 2022 ஓகஸ்டில் இஞ்சை கொமன்வெல்த் விளையாட்டின் நிறைவு விழா. யாருக்கும் சொல்லாமல் மேடைக்குக் கீழே இருந்து ஐயோமியும் ஓஸியும் எழும்பி வந்தார்கள். ஓஸிக்கு அப்ப நோய் முற்றியிருந்தது, பின்னால் பிடிமானம் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். ஐயோமி தள்ளிப் போகாமல் கிட்டவே நின்று வாசித்தார். அந்த ரெண்டு பேருக்கும் இடையில் 1979 எப்பவோ முடிந்துவிட்டது எண்டு எனக்கு அண்டைக்கு விளங்கினது.

டியோபக்தன்:
அண்ணை, அருமையாக எழுதினீர்கள். அந்த 2022 நிகழ்ச்சி எனக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் நீதிமன்றம் வரை போனதும் உண்மைதானே? குழுவின் பெயரில் பாதி உரிமை கேட்டு 2009-ல் ஓஸி வழக்குப் போட்டார். 2010-ல் சமரசம் ஆனது.

அதே 2010 மே 16-ல் டியோ புற்றுநோயில் இறந்தார். அதற்கு முந்தைய சில வருஷங்கள் ஐயோமி, கீசர், டியோ மூவரும் வேறு பெயரில், ஹெவன் அண்ட் ஹெல் என்று வாசித்துக்கொண்டிருந்தார்கள். சபாத் என்ற பெயரையே எடுக்கவில்லை. அது ஓஸிக்கு விட்டுக்கொடுத்த மரியாதை என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஐயோமியைப் பெயர்ப் பித்துப் பிடித்தவர் என்று சொல்பவர்கள் இதையும் பார்க்க வேண்டும்.

ஆறாம்கம்பி:
இதை நீங்கள் சொன்னதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1986-ல் வந்த ஆல்பத்தை அவர் தன் சொந்தப் பெயரில் வெளியிடத்தான் விரும்பினார். சபாத் என்ற பெயர் இருந்தால்தான் விற்கும் என்று கம்பெனி நெருக்கியது. கடைசியில் இரண்டு பெயரையும் அட்டையில் போட்டார்கள். குழுப் பெயரை விட்டுத் தன் பெயரில் நிற்கப் பார்த்தவரை அந்தப் பெயருக்குள்ளேயே தள்ளினார்கள். எண்பதுகளில் மேடையில் அவரைத் தவிர பழைய ஆள் ஒருவர்கூட இல்லாத நாட்கள் உண்டு. கூட்டமும் குறைவு. அப்போது அவர் கலைத்துவிட்டு ஓஸி மாதிரித் தனியாகப் போயிருந்தால் 1997-ல் நால்வரும் பர்மிங்காமில் திரும்பச் சேர ஒரு வீடே இருந்திருக்காது.

மிருதங்கம்:
சரி, இங்கே நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். வில்லா பார்க்கில் பில் சட்டையைக் கழற்றிவிட்டு 77 வயதில் உட்கார்ந்து வாசித்தார். 2005-க்குப் பிறகு நால்வரும் சேர்ந்து வாசித்தது அன்றுதான். வேகம் குறைந்திருந்தது, சில இடங்களில் தடுமாற்றம். ஆனால் ரிஃப் திரும்புகிற இடங்களில் ஐயோமி பில் பக்கம் பார்க்கிறார். அந்த மூவரும் பில்லுக்காகக் காத்திருந்து திரும்பினார்கள். 2012-ல் செய்யாததை அன்று செய்தார்கள். ஆனாலும் 13 வருஷம் தாமதம் என்ற என் வருத்தம் அப்படியே இருக்கிறது.

ஓஸி இறந்தபோது பில் எழுதியதில், தவறிப்போன தொலைபேசி அழைப்புகளைப் பற்றி ஒரு வரி வரும். அதைப் படித்துவிட்டு நான் பழைய நண்பன் ஒருவனுக்கு போன் போட்டேன்.

புதுக்காது:
நான் இதுவரை சபாத் கேட்டதே இல்லை, இந்த இழையைப் படித்துத்தான் கேட்கத் தோன்றுகிறது. எதிலிருந்து தொடங்கலாம்? அப்புறம், புகழைப் பற்றி ஐயோமி என்ன நினைக்கிறார்?

ஆறாம்கம்பி:
1970 செப்டம்பரில் வந்த இரண்டாவது ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள் தம்பி. அடுத்து 1971-ல் வந்தது. அதற்குப் பிறகு நேராக 1980-க்குத் தாவி டியோ பாடிய முதல் ஆல்பத்தைக் கேளுங்கள், இல்லையென்றால் டியோபக்தன் என்னை விடமாட்டார். ஹெட்ஃபோனில் கேட்கும்போது கீசரின் பாஸை மட்டும் ஒரு தடவை பின்தொடர்ந்து பாருங்கள். பாட்டு வரிகளில் பெரும்பாலானவை அவர் எழுதியவை. போர், அணுகுண்டு, போதை என்று அந்தக் காலத்தில் எழுதத் துணிந்தவர்.

புகழைப் பற்றி ஐயோமி அதிகம் பேசுகிறவர் இல்லை. வாசிப்பைப் பற்றிக் கேட்டால் பேசுவார், விரல் உறையைப் பற்றிக் கேட்டால் இன்னும் பேசுவார். கூட்டாளிகளைப் பற்றிப் பேசும்போது யாரையும் கீழே இறக்குவதில்லை. சண்டையைச் சொல்வார், காரணத்தையும் சொல்வார், அடுத்த வாக்கியத்தில் அந்த ஆள் வாசித்த விதத்தைப் புகழ்வார். இத்தனை வழக்குக்கும் பிரிவுக்கும் பிறகு அப்படிப் பேச ஒரு மனசு வேண்டும்.

பிரஸ்ஷாப்:
ஒரு உதவி வேண்டும். எங்கள் யூனிட்டில் ஒரு பையனுக்குப் போன வருஷம் இடது கை மோதிர விரல் நுனி போய்விட்டது. சர்ச்சில் கிடார் வாசித்துக்கொண்டிருந்தவன், இப்போது எடுப்பதே இல்லை. ஐயோமி கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு, நான் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கிறான். எனக்கு கிடார் தெரியாது.

ஆறாம்கம்பி:
காயம் முழுசாக ஆறிவிட்டதா, அழுத்தினால் வலிக்கிறதா என்று முதலில் டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். அக்கூஸ்டிக் வேண்டாம், கொஞ்ச நாளைக்கு எலெக்ட்ரிக்கில் பழகட்டும். 008-ல் (மிக மெல்லிய கம்பி அளவு) தொடங்கும் கம்பி செட் இப்போது கடைகளிலேயே கிடைக்கிறது, அன்றைக்கு ஐயோமிக்குக் கிடைக்காதது. ஒரு முழு ஸ்வரம் கீழே இறக்கி டியூன் செய்யட்டும். கம்பிக்கும் ஃப்ரெட்போர்டுக்கும் இடையே உள்ள உயரத்தைக் கடையில் கொடுத்துக் குறைத்துக்கொள்ளட்டும். உறை வேண்டுமென்றால் மெல்லிய தோலில் செய்து பார்க்கலாம், ஆனால் முதலில் மோதிர விரலை விட்டுவிட்டு மற்ற மூன்று விரலால் இரண்டு சுரக் கார்டுகளை வாசிக்கட்டும். சர்ச் பாட்டுக்கு அது போதும்.

வலது கையில் அழுத்தி வாசிக்கவும் முயன்று பார்க்கலாமா என்று கேட்பான். அப்போதே மாற்றியிருக்கலாமோ என்று ஐயோமியும் பின்னால் யோசித்திருக்கிறார். இந்தப் பையனின் வயதைப் பொறுத்தது. அவன் எண்ணை எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், நான் ஞாயிற்றுக்கிழமை பேசுகிறேன்.